இடது ஓரம்

ஜனவரி 18, சனி

இது மின்வாரிய யூனியனில் கொடுத்த டைரி. எந்தக் கம்பத்தில் எந்த ஃபியூஸ் போனது, எந்த டிரான்ஸ்ஃபார்மரில் அணில் விழுந்தது என்று மட்டும்தான் இதுவரை எழுதிவந்தேன். இன்றைக்கு என் வயிற்றெரிச்சலை எழுதுகிறேன்.

மாவட்ட வாலிபால் இறுதி ஆட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள். எங்கள் மேலப்புதுக்குளம் அணிக்கு நடுவில் நின்று பிளாக் போடுகிறவள் என் மகள் பெனினா. ஐந்தாவது செட், பதிமூன்றுக்குப் பதினான்கு. எதிரணிப் பெண் அடித்த ஸ்மாஷ் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. ரெஃப்ரி அவுட் காட்டிவிட்டார். பதினான்கு சமம் என்று நான் எழுந்து கை தட்டுகிறேன். அங்கே என் மகள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பந்து தன் விரலில் உரசிவிட்டுப் போனதாம். ரெஃப்ரி பார்க்கவில்லை. அடித்தவளே பார்க்கவில்லை. இந்த அரிச்சந்திரனின் பேத்தி மட்டும் பார்த்துவிட்டாள். ரெஃப்ரி தீர்ப்பை மாற்றினார், ஆட்டம் முடிந்தது, கோப்பை போயிற்று.

எல்லாம் பி.டி. டீச்சர் முப்பிடாதி பழக்கிவைத்த பழக்கம். பந்து பட்டாலும் நெட் பட்டாலும் விசில் ஊதுவதற்கு முன்னால் பிள்ளைகளே கையைத் தூக்கிவிட வேண்டும். மறைத்தால் அடுத்த செட்டில் பெஞ்சில் உட்கார வேண்டும். நானும் டிபார்ட்மெண்ட் அணிக்கு ஆடியவன்தான். நெட்டே கிழிந்தாலும் நான் கை தூக்கியது கிடையாது. தோற்ற பிறகு அந்த டீச்சர் பெனினாவைப் பார்த்துக் கை தட்டினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே போனேன். ஏட்டி உனக்குப் புத்தி இருக்கா என்று கேட்டேன். கேட்கும்போது என் கை அவள் கன்னத்தில் பட்டது. பெற்றவன் கை படாமல் யார் கை படும்? நாலு பேர் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள், ஏதோ கொலை செய்தவனைப் பிடிப்பதுபோல.

ராத்திரி பெனினா கஞ்சி மட்டும் குடித்தாள். மெல்ல முடியவில்லையாம்.

ஜனவரி 20, திங்கள்

ஆத்தூர் ரோட்டில் புளியமரக் கிளை லைனில் உரசுகிறது. ஆள் வைத்து வெட்டச் சொன்னேன்.

பெனினா பேசவில்லை. ரெஜினாவும் பேசவில்லை, சோற்றை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுகிறாள். தாயும் மகளும் கூட்டு. தோற்றது நானா?

ஜனவரி 23, வியாழன்

மாவட்ட வாலிபால் கழகச் செயலாளர் போன் செய்தார். பெனினா ஆடுகிற எந்த மைதானத்திலும் நான் கால் வைக்கக் கூடாதாம். பயிற்சி மைதானமும் சேர்த்துத்தான். எதுவரைக்கும் என்று கேட்டேன். மறு அறிவிப்பு வரை என்றார். என்ன குற்றம் என்று கேட்டேன். புகார் வந்திருக்கிறது என்றார். யார் சொன்னது என்று கேட்டதற்கு, "அதைச் சொல்லக் கூடாது அண்ணாச்சி, மன்னிச்சுக்கோங்க" என்று வைத்துவிட்டார்.

அவர் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். அன்றைக்குக் கை தட்டினாளே, அவள்தான். என் வீட்டு விஷயத்தை ஊர் விஷயம் ஆக்கிவிட்டாள். அந்த மைதானத்தில் மண் அடித்தவன் நான், கல் பொறுக்கியவன் நான். என்னை வெளியே நிறுத்திவிட்டாள்.

முப்பிடாதி, உன்னை நான் சும்மா விட்டால் என் பெயர் ஜெயசிங் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

கோயிலில் ஆராதனையின்போது சபை ஐயர் மன்னிப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். அவர் பிள்ளைகள் செஸ் ஆடுகிறார்கள்.

ஜனவரி 30, வியாழன்

இந்தப் பிள்ளைக்குத் திமிர் கூடிவிட்டது. சாப்பிடும்போது என் வலது பக்கம் உட்காருவாள். இன்றைக்கு ரசத்தை எடு என்று மூன்று தடவை சொன்னேன். திரும்பவே இல்லை. தட்டைத் தட்டிய பிறகுதான் பார்த்தாள். ரெஜினா எழுந்து வந்து, மகள் கை நீட்டும் முன்னாலேயே ரசத்தை எடுத்து என் தட்டில் ஊற்றினாள். பாதி கையில் ஊற்றினாள். சுட்டது.

இன்னொரு புது நாகரிகம். குளிக்கப் போகும்போது காதில் எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்துக்கொள்கிறாள்.

பிப்ரவரி 3, திங்கள்

தாயும் மகளும் திருநெல்வேலிக்குப் போய்விட்டு இருட்டுகிற நேரத்தில் வந்தார்கள். துணி எடுக்கப் போனோம் என்றாள் ரெஜினா. கையில் துணிப் பை எதுவும் இல்லை. பிடிக்கவில்லையாம். ஒரு நாள் முழுக்கப் பார்த்தும் திருநெல்வேலியில் ஒரு சுடிதார் பிடிக்கவில்லை என்றால் அது ரெஜினாவால் மட்டும்தான் முடியும்.

பிப்ரவரி 6, வியாழன்

வேலை முடிந்து மைதானத்துச் சாலை வழியாக வந்தேன். சாலையில் போக எவன் தடை போட முடியும்? பைக்கை நிறுத்திவிட்டு மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

பார்த்ததும் ரத்தம் கொதித்தது. நடுவில் நின்று ஆண்ட பிள்ளையை அந்த டீச்சர் இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள். ஆறு வருஷமாக நான் கயிறு கட்டிக் குதிக்க வைத்து நடுவுக்குத் தயார் செய்த பிள்ளை. அவள் இடத்தில் வேறு ஒரு ஒல்லிப் பெண் நிற்கிறாள். பெனினா கோட்டை ஒட்டி, ஏதோ வேண்டாதவளைப் போல, ஓரத்தில். முன்னால் ஆடினாலும் இடது ஓரம், பின்னால் போனாலும் இடது ஓரம். ஏப்ரலில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். நடுவில் ஆடாதவளை எவன் திரும்பிப் பார்ப்பான்?

அப்பன்மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைமேல் காட்டுகிறாள். பெண்பிள்ளையின் வாழ்க்கையில் விளையாடுகிறாள். நெஞ்சு ஆறவே இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது.

மைதானத்தில் நாலு விளக்கு எரிகிறது. அதனால்தான் பிள்ளைகள் எட்டு மணி வரை ஆடுகிறார்கள். அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? மைதானத்தை ஒட்டி இருக்கிற முப்பிடாதி டீச்சர் வீட்டு மீட்டரிலிருந்து. வீட்டு இணைப்பில் மைதானத்துக்கு விளக்குப் போடுவது குற்றம். மின்திருட்டைப் பிடிக்கிற பறக்கும் படை வந்தால் அபராதம் போட்டு, லைனையும் அறுத்துவிட்டுத்தான் போவார்கள். பள்ளிக்கூடத்துக்கும் தகவல் போகும்.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்றால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏணி வைத்து அந்த வயரை இழுத்ததே நான்தான். அப்போது அவள் எனக்கு நன்னாரி சர்பத் கொடுத்தாள். இழுத்தவனுக்கு அறுக்கவும் தெரியும்.

பிப்ரவரி 10, திங்கள்

படையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். டீக்கடையில் வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என் பெயர் வராது என்றார்.

இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

படை வந்தது. இந்த ஏரியா லைன் இன்ஸ்பெக்டர் என்பதால் முறைப்படி என்னையும் கூப்பிட்டார்கள். வீட்டு வாசல் வரைக்கும்தான் போனேன், மைதானத்தில் கால் வைக்கவில்லை. சட்டத்தை மதிக்கிறவன் நான்.

பிள்ளைகள் எல்லாரும் நெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெனினாவும் நின்றாள். முப்பிடாதி டீச்சர் விசிலைக் கழுத்தில் போட்டபடி வந்து, எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று பதில் சொன்னாள். தன் மீட்டர்தான், பில் தான்தான் கட்டுகிறேன், தப்புதான் என்றாள். இந்த வயரை இழுத்தது யார் என்று படை அதிகாரி கேட்டார். இது ஒன்றை நான் யோசிக்காமல் விட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போய்விடும்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "பழைய லைன் சார். யாருன்னு ஞாபகம் இல்ல" என்றாள்.

பயந்துவிட்டாள். என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். நாலு விளக்கும் அணைந்தன. வரும்போது பைக்கில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

அந்தப் பாட்டை நினைத்தால் இன்றைக்கு ஏனோ நன்றாக இல்லை. வெயில் காரணமாக இருக்கும்.

பிப்ரவரி 19, புதன்

பயிற்சி ஆறு மணிக்கே முடிந்துவிடுகிறது. பேட்மாநகரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்களாம். பெனினா வீட்டுக்கு வந்து சுவரில் பந்தை அடித்துக்கொண்டே இருக்கிறாள். சுவரில் அடிப்பதை நிறுத்து என்று பின்னாலிருந்து சொன்னேன். திமிர், திரும்பவில்லை. பந்து மட்டும் என் பக்கம் வந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கும்போது ஒரு அடி பின்னால் போய் நின்று வாங்கினாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

டீச்சர் அபராதத்தைக் கட்டிவிட்டாள். கழுத்தில் சங்கிலி இல்லை என்று ரெஜினா சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னாள். இப்போது மைதானத்துக்கென்று தனி மீட்டர் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். விண்ணப்பம் யார் மேஜைக்கு வரும்? என் மேஜைக்கு. இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். கிடக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

பெனினாவுக்குப் பிளஸ் ஒன் பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. மீன் குழம்பு. ஐயர் மறுபடியும் மன்னிப்பு.

மார்ச் 18, செவ்வாய்

அடைக்கலாபுரம் பக்கம் காற்றில் இரண்டு கம்பம் சாய்ந்துவிட்டது. காலையிலிருந்து அங்கேதான்.

திரும்பி வரும் வழியில் முப்பிடாதி டீச்சர் நிறுத்தினாள். விண்ணப்பத்தைப் பற்றிக் கெஞ்சப் போகிறாள் என்று நினைத்து, முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட முடிவு செய்துவிட்டேன். அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பெனினாவுக்குப் பரீட்சை முடிந்ததும் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாயிற்றா என்று கேட்டாள். என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. "வீட்ல கேளுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

என்னை ஏதோ வளைத்துப் பிடிக்கப் பார்க்கிறாள். வீட்டில் கேட்கவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இதை எழுதி முடிக்க வேண்டும். இரண்டு தடவை டைரியை மூடிவிட்டுத் திறந்திருக்கிறேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். மனதுக்குள் டீச்சர் சொன்னதே ஓடிக்கொண்டிருந்தது, அதனால் எரிச்சல். அவளைத் திட்ட ஆரம்பித்தேன். என்னைப் போட்டுக்கொடுத்தவள், குடும்பத்தைப் பிரித்தவள், பிள்ளையை ஓரங்கட்டியவள் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். விளக்கை அறுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். விண்ணப்பம் இழுப்பறையில் கிடக்கிறது, அது மக்கிப் போகிற வரைக்கும் கிடக்கும், செயலாளரிடம் போய்ப் புகார் சொன்னவள் இதையும் போய்ச் சொல்லட்டும் என்றேன்.

பெனினா சாப்பிடுவதை நிறுத்தினாள். சாப்பிடுகிற கையை ஜக்குத் தண்ணீரில் கழுவினாள். பிறகு அந்தக் கையை நேராகத் தலைக்கு மேல் தூக்கினாள். மைதானத்தில் தூக்குகிற மாதிரியே. விரல்கள் விரித்து, முழங்கை மடங்காமல்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"நான்தான்பா" என்றாள். "டீச்சர் ஒண்ணும் சொல்லல. வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான்தான் செயலாளர் சாருக்கு போன் பண்ணேன். எதுவரைக்கும்னு கேட்டாங்க. நான் ஆடுத வரைக்கும்னு சொன்னேன்."

இரண்டு மாதம் கழித்து என் மகள் என்னிடம் பேசியது இதுதான்.

நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. தண்ணீர் குடிக்க என்று எழுதலாம், ஆனால் தண்ணீர் முன்னால்தான் இருந்தது. நான் எழுந்ததும் அவள் தூக்கிய கையை இறக்கி இடது காதை மூடிக்கொண்டாள். ரெஜினா குறுக்கே வந்து நின்றாள். இருபது வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"இன்னொரு காதும் வேணுமா?" என்று கேட்டாள்.

பிறகு அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்கு விழுந்த அடியில் செவிப்பறை கிழிந்துவிட்டது. திருநெல்வேலிக்குப் போனது காது டாக்டரிடம். தானாக மூடும் என்று பார்த்தார்கள், மூடவில்லை. அந்தப் பக்கம் கேட்பதில்லை. மே மாதம் ஆபரேஷன், அதன் பிறகும் முழுசாகக் கேட்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. நடுவில் ஆடினால் இடது பக்கத்து ஆள் கூப்பிடுவது கேட்காமல் இரண்டு தடவை மோதி விழுந்தாளாம். அதனால்தான் டீச்சர் அவளை இடது ஓரத்தில் நிறுத்தினாள். ஓரத்தில் நின்றால் இடது பக்கம் கோடு மட்டும்தான். கூப்பிடுகிற எல்லாரும் வலது பக்கம் இருப்பார்கள்.

கை பட்டது என்று ஜனவரி 18-இல் எழுதியிருக்கிறேன். பட்டது விரலில் உரசிய பந்து. நான் அடித்தேன்.

மார்ச் 22, சனி

விடுமுறைதான். ஆபீசைத் திறந்து இழுப்பறையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். படையில் இருக்கிறவரிடம் போய் வழக்கைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். முடிந்தது முடிந்ததுதான் அண்ணாச்சி, நீங்கதானே கொண்டுவந்தீங்க என்றார்.

டீச்சர் வீட்டு வாசல் வரைக்கும் போனேன். கதவைத் தட்டவில்லை. அறுத்த வயரின் ஒரு முனை சுவரில் தொங்குகிறது. மழை வந்தால் ஆபத்து, ஏணியில் ஏறி அதை மட்டும் டேப் சுற்றிவிட்டு வந்தேன்.

என் பிள்ளையைக் கெடுத்த ஆளைப் பழிவாங்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டிருந்தேன். ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். சவரம் செய்யும்போது பார்த்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

மைதானத்தில் தனி மீட்டர் வைத்தாயிற்று. வயர்மேன் தவசியை அனுப்பினேன். நான் போகவில்லை, தடை இருக்கிறது.

பெனினா பேசவில்லை. சாப்பிடும்போது இடம் மாறி என் இடது பக்கம் உட்காருகிறாள். அது ஏன் என்று இப்போது தெரியும். நான் சொல்வது கேட்க வேண்டும் என்றுதானே உட்காருகிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எழுந்தால் தெரிய வேண்டும் என்றும் இருக்கலாம்.

ஏப்ரல் 12, சனி

மாநில அணிக்கு ஆள் எடுக்கிற ஆட்டம் எங்கள் மைதானத்திலேயே நடந்தது.

சாலையோரக் கம்பத்தில் காற்றாடி நூல் சிக்கியிருந்தது. அதை எடுக்கத் தவசியே போதும். ஆனால் நான் கரண்ட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு இடுப்பில் பெல்ட்டைக் கட்டினேன். இன்ஸ்பெக்டர் ஆன பிறகு கம்பம் ஏறியதில்லை. தவசி கீழே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். உச்சியில் நின்றால் மதிலுக்கு மேல் மைதானம் முழுக்கத் தெரிந்தது. கால் வைக்கவில்லை. இது சாலை.

பெனினா சாலைப் பக்கக் கோட்டை ஒட்டி நின்றாள். நான் சொல்லிக்கொடுத்த குதி, நான் சொல்லிக்கொடுக்காத அடி. ஓரத்திலிருந்து சாய்த்து அடிக்கிறாள், எதிரே நிற்கிறவர்கள் பந்து போன பிறகுதான் குனிகிறார்கள். ஆறு வருஷம் அவளை நடுவிலேயே கட்டிப் போட்டிருந்திருக்கிறேன்.

இரண்டாவது செட்டில் ஒரு பந்து அவள் பிளாக்கைத் தாண்டி வெளியே போனது. ரெஃப்ரி அவுட் காட்டினார். அவள் கையைத் தூக்கினாள். புள்ளி போயிற்று. என் வயிறு அப்போதும் எரிந்தது, பொய் எழுதமாட்டேன். நூலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

முப்பிடாதி டீச்சர் ஒரு தடவை நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தாள். செயலாளர் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் அவரிடம் சொல்லவில்லை. மறுபடியும் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

முடிந்ததும் மைக்கில் பெயர் வாசித்தார்கள். நாலாவது பெயர் என் மகள். பிள்ளைகள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். அவள் மட்டும் கோட்டருகில் நின்று முழங்கால் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மதில்தான்.

தடையை மறந்துவிட்டேன். பெனினா என்று கூப்பிட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மறுபடியும் கூப்பிட்டேன், கம்பமே அதிரும்படி. கீழே தவசி, "அண்ணாச்சி, மெதுவா" என்றான். மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன்.

அவள் திரும்பவில்லை. சாலை அவளுக்கு இடது பக்கம்.